பன்னிரண்டு வயதுப் பெரியவன்

வெகு காலத்துக்கு முன்னால் மஞ்சாற்று நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்!

ஒருநாள் அரண்மனைக் குதிரை லாயத்தின் வைக்கோல்போர் குபுகுபுவென்று பற்றி எரிந்தது. குதிரைகள் தப்பிவிட்டன. தீ வைத்தவனைக் காவலர்கள் சபைக்கு இழுத்துவந்தார்கள். பார்த்தால், பன்னிரண்டு வயதுப் பையன்! பெயர் கொம்பையா. தாய் தகப்பன் இல்லை. சபையில் பெரிய பதவியிலிருந்த அகோரம்தான் அவனுக்குக் காப்பாளர்.

அந்த நாட்டில் சிறுவர்கள் தப்புச் செய்தால் சிறுவர் மன்றம் விசாரித்துத் திருத்தி அனுப்பும். பெரியவர்களுக்குப் பெரிய மன்றம். அங்கே தீ வைத்தவனுக்கு ஆயுள் முழுக்கப் பாதாளச் சிறை!

அகோரம் துள்ளி எழுந்தார். "மகாராஜா! நான் வளர்க்கிற பையன் என்பதற்காக நியாயம் தவறமாட்டேன். இது பிள்ளை விளையாட்டா? பெரியவர்கள் செய்கிற குற்றம். ஆகவே இவனும் பெரியவன்தான். பெரிய மன்றத்துக்கே அனுப்புங்கள்!"

"பேஷ்!" என்றார் ராஜா.

அகோரத்துக்கு மந்திரி மருதவாணர்மேல் வெகுநாள் பொறாமை. "இப்போது பாருங்கள், மந்திரியார் 'பாவம், குழந்தை' என்று உருகுவார்!" என்று இளித்தார்.

"இல்லையே, நீர் சொல்வதே சரி" என்றார் மந்திரி. சபை திகைத்தது. "ஆனால் மகாராஜா, பாதிப் பெரியவன் என்று உலகத்தில் யாரும் இல்லை. இந்த நொடி முதல் இவன் எல்லாவற்றிலும் பெரியவன் என்று ஆணையிடுங்கள். அகோரம், சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்!"

ராஜா ஆணையிட்டார்.

மந்திரி சட்டென்று திரும்பினார். "சரி அகோரம், சாவியைக் கொடும்."

"எந்தச் சாவி?"

"இவன் தகப்பன் சாகும்போது, 'மகன் பெரியவனாகும் வரை பார்த்துக்கொள்ளுங்கள்' என்று வீட்டையும் தென்னந்தோப்பையும் உம்மிடம் விட்டாரே! இவன்தான் பெரியவனாகிவிட்டானே. சிறைக்குப் போகுமுன் இஷ்டப்பட்டவருக்கு எழுதிவைத்துவிட்டுப் போகட்டும்."

அகோரம் பதறிக் குறுக்கே பாய்ந்தார். "ஐயையோ, தோப்பையா? பொடிப்பயல், மகாராஜா! இவனுக்கு என்ன தெரியும்? கோபம் வந்தால் முன்பின் யோசிக்கிற வயசா இது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. சபை கொல்லென்று சிரித்தது.

ராஜா மட்டும் சிரிக்கவில்லை. "தோப்பு என்றால் குழந்தை, சிறை என்றால் பெரியவனா?" என்று கர்ஜித்தார். பிறகு பையனைக் கிட்டே கூப்பிட்டார். "ஏனப்பா தீ வைத்தாய்?"

"அம்மா வளர்த்த பசுவை வித்து இவர் குதிரை வாங்கிட்டார், சாமி. கேட்டதுக்கு அடிச்சார். அந்தக் குதிரை அங்கேதான் நின்னுது. ஆத்திரத்துல வச்சுட்டேன். மத்த குதிரையெல்லாம் வெந்துபோகுமேன்னு அப்புறம்தான் தோணிச்சு. ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன்." அவன் விசும்பினான். "செஞ்சது தப்புதான், சாமி."

ராஜா ஆணையை அங்கேயே ரத்துசெய்தார். சிறுவர் மன்றம், புது வைக்கோல்போர் எழும்பும் வரை லாயத்தில் வேலை செய்யும்படி அவனுக்குத் தண்டனை கொடுத்தது. அவன் வளரும் வரை வீடும் தோப்பும் மந்திரியின் பொறுப்புக்கு வந்தன. அகோரம் பதவியைப் பறிகொடுத்துத் தலைகுனிந்து வெளியேறினார்.

தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார் ராஜா. "சரி மருதவாணரே, இந்தப் பயல் பெரியவனானால் எப்படி இருப்பான்?"

"எனக்கென்ன தெரியும், மகாராஜா?" என்று சிரித்தார் மந்திரி. "அதைப் பார்க்கத்தானே அவனை வளரவிடச் சொல்கிறேன்!"