கடல் பார்க்கப் போன புதுச்செருப்பு

ஒரு காட்டில், குழந்தைகளே, கடலைக் கண்ணால்கூடப் பார்க்காத விலங்குகள்தான் அதிகம். கடல் இருக்கும் ஆழித்துறைப் பட்டணத்துக்கு அங்கிருந்து ஒரே ஒரு வண்டிதான் போகும். எருமையார் இழுக்கிற வண்டி. அதுவும் வருடத்துக்கு ஒரே தடவை. அதில் இரண்டே பேருக்குத்தான் இடம்.

யார் போவது என்று அடிதடி வரக்கூடாதே! அதனால் எல்லார் பெயரையும் இலையில் கீறிப் பானையில் போட்டுக் குலுக்குவார்கள். பெயர் வந்தவர் போகலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. போய் வந்தவர், பார்த்ததையெல்லாம் போகாதவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

அந்த வருடம் முதல் இலையில் தேனப்பன் என்ற கரடியின் பெயர் வந்தது. இரண்டாவது இலையில் முழியன் என்ற தேவாங்கின் பெயர் வந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். முழியன் மட்டும் தட்டவில்லை. தேவாங்குக்கு எவ்வளவு பெரிய கண் என்று தெரியுமல்லவா? அந்தக் கண்ணால் வெயிலைத் தாங்கவே முடியாது. பகல் முழுவதும் பொந்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடக்கும். பட்டணம் பார்ப்பதோ பட்டப்பகலில்!

முழியன் தன் சிநேகிதி அரளியைக் கூப்பிட்டான். அரளி ஒரு முயல். கொஞ்சம் அழகுப் பைத்தியம், ஆனால் நல்லவள்.

"அரளி, என் இடத்துல நீ போயிட்டு வா."

"நிஜமாவா சொல்றே?"

"நிஜமாத்தான். கோபுரம், அரண்மனை எல்லாம் நீ எப்படிப் பார்த்தாலும் சரி. கடலை மட்டும் எனக்காகப் பாரு. நல்லா நின்னு பாரு. வந்து எனக்குச் சொல்லு. எனக்கு அது போதும்."

"கண்டிப்பா சொல்றேன் முழியா! சத்தியம்!" என்றாள் அரளி. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முயலுக்கும் கரடிக்கும் எதற்குச் செருப்பு என்று கேட்கிறீர்களா? காட்டு மண்ணில் வேண்டாம்தான். பட்டணத்துத் தார்ச்சாலையில் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு நாலு எட்டு வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

அரளியிடம் ஒரு பழைய தோல் செருப்பு இருந்தது. பின்பக்கம் வார் வைத்தது. வாரச் சந்தைக்குப் போட்டுப் போட்டு அவள் கால் தடமே அதில் பதிந்துபோயிருந்தது. போட்டிருப்பதே தெரியாது, அவ்வளவு சுகம். ஆனால் பார்க்கச் சகிக்காது. ஓரமெல்லாம் தேய்ந்து, நிறம் வெளுத்து, இரண்டு இடத்தில் தையல் வேறு.

"இதைப் போட்டுக்கிட்டா பட்டணம் போறது? பட்டணத்துப் பூனைங்க எல்லாம் சிரிக்காதா?" என்று அரளி அதைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

வண்டி நிற்கிற இடத்தில் ஒரு குரங்கு செருப்புக் கடை வைத்திருந்தது. வாயால் வியாபாரம் செய்கிற குரங்கு அது.

"வாங்கம்மா, வாங்க! ஊர் பார்க்கப் போறீங்களா? இதோ பாருங்க, முன்னாடி ஒரே ஒரு மெல்லிசுப் பட்டை. பின்வார் கிடையாது. காலை நுழைச்சா வேலை முடிஞ்சது. மேலே பாருங்க, கண்ணாடிக்கல்! பட்டணத்துல இப்ப எல்லாரும் இதைத்தான் போடறாங்க!"

பிரயாணம் என்றால் எல்லாமே புதுசாக இருக்க வேண்டும் என்பது அந்தக் காட்டில் இருந்த ஒரு நினைப்பு. அரளி அந்தச் செருப்பைப் போட்டு இரண்டு எட்டு நடந்து பார்த்தாள். இரண்டே எட்டு! கடையின் கோரைப்பாய் மேல்! "பஞ்சு மாதிரி இருக்கு!" என்று துள்ளிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

தேனப்பன் தடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தான். முழங்கால் வரைக்கும் கயிறு. அவன் எதையும் நிதானமாகச் செய்கிறவன்.

"என்னண்ணே, சண்டைக்கா போறோம்?" என்று அரளி சிரித்தாள்.

"நாள் பூரா நடக்கணுமேம்மா" என்றான் தேனப்பன். அவ்வளவுதான் பேசினான்.

ஆழித்துறை வந்தது. எருமையார் வண்டியை நிறுத்தி, "பொழுது சாயறதுக்கு முன்னாடி கிளம்பிடுவேன். யாருக்காகவும் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நிழலில் படுத்துக்கொண்டார்.

முதலில் கோயில். வாசலில் எல்லாரும் காலணியைக் கழற்ற வேண்டும். அரளி காலை ஒரு உதறு உதறினாள், கழன்றுவிட்டது. தேனப்பன் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தான். அரளி சாமி கும்பிட்டு, பிரசாதம் வாங்கித் தின்று, வாயும் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவன் அப்போதுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்க பூட்ஸைக் கழட்டி மாட்டறதுக்குள்ள பொழுதே சாய்ஞ்சிடும்!"

உள்ளதைச் சொல்ல வேண்டுமே, அதில் அரளி பக்கம்தான் நியாயம். வாசலுக்கு வாசல் கழற்ற வேண்டிய ஊரில் கயிறு கட்டிய பூட்ஸ் பெரும் ரோதனைதான்.

அடுத்தது அரண்மனை. அதற்குக் கருங்கல் பாவிய நீளமான தெரு. அங்கேதான் ஆரம்பித்தது வினை. பின்வார் இல்லாததால் செருப்பு ஒவ்வொரு எட்டுக்கும் காலை விட்டு நழுவியது. நழுவாமல் இருக்க அரளி விரல்களை இறுக்கிப் பிடித்து நடந்தாள். மெல்லிசான அடி வழியாகக் கல் ஒவ்வொன்றும் குத்தியது. புதுப்பட்டை புறங்காலைக் கடிக்கத் தொடங்கியது.

"பாரும்மா, அந்த மாடத்துல எவ்வளவு புறா!" என்றான் தேனப்பன்.

"உம்" என்றாள் அரளி. அவள் தலையைத் தூக்கவே இல்லை. அடுத்த கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலு வலிக்குதா?"

"ச்சே, ச்சே! இல்லையே!"

பாவம், வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கேயே ஒரு துணிக்கிழிசல் வாங்கிச் சுற்றியிருக்கலாம். ஆனால் காலையில் பூட்ஸைப் பார்த்துச் சிரித்த வாய் இப்போது எப்படிச் சொல்லும்?

அரண்மனையிலும் அவள் எதையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சில்லென்ற சலவைக்கல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். மேலே கூரையில் பூவும் கொடியுமாகச் சித்திரம் எழுதியிருந்ததாம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கடைவீதியைக் கடக்கும்போது புறங்காலில் கொப்புளம் கிளம்பிவிட்டது. கடைவீதி முடிவதற்குள் உடைந்தும்விட்டது. அரளி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலை வைத்துப் பார்த்தாள். தார் ரோடு கொதித்தது. "ஐயோ!" என்று கத்திவிட்டு ஒரு மூடிய கடையின் வாசலில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

இன்னும் கடல் ஒன்றுதான் பாக்கி. அந்தத் தெருவைத் தாண்டி, இன்னொரு தெருவையும் தாண்டினால் கடற்கரை. காற்றில் உப்பு வாசனைகூட வந்தது.

தேனப்பன் குனிந்து அவள் காலைப் பார்த்தான். "அடடா! ஏம்மா முன்னாடியே சொல்லலே?" என்று பதறினான். "சரி, பரவாயில்லே. என் முதுகுல ஏறிக்கோ. நான் தூக்கிட்டுப் போறேன்."

அரளி தெருவைப் பார்த்தாள். இரண்டு பட்டணத்துப் பூனைகள் பேசிக்கொண்டே போயின. ஒரு கழுதை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது.

"கரடி முதுகுல முயல் சவாரியா? ஊரே கூடிச் சிரிக்கும். வேண்டாம் அண்ணே. நீங்க முன்னாடி போங்க. நான் கொஞ்சம் உட்கார்ந்துட்டு மெதுவா வர்றேன்."

"நிச்சயமா வருவியா?"

"வர்றேன், வர்றேன், போங்க!"

தேனப்பன் அரைமனதோடு போனான். அவன் தலை மறைந்ததும் அரளிக்கு முழியனின் நினைவு வந்தது. எழுந்தாள். ஒரு எட்டு வைத்தாள். உயிர் போகிற மாதிரி வலித்தது. "அண்ணே! தேனப்பண்ணே!" என்று கூப்பிட்டாள். கடைவீதி இரைச்சலில் அது யார் காதில் விழும்?

அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு தெருவுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை அதிகமானது.

தேனப்பன் திரும்பி வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. "வருவே வருவேன்னு பார்த்துட்டே இருந்தேனேம்மா!" என்றான். தூரத்தில் எருமையார் கழுத்துமணியை ஆட்டினார். இனிக் கடலுக்குப் போக நேரமில்லை. அரளி இப்போது மறுபேச்சுப் பேசாமல் அவன் முதுகில் ஏறிக்கொண்டாள்.

வண்டியில் வரும்போது தேனப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "அழாதேம்மா. நான் பார்த்ததைச் சொல்றேன், அதை நீ முழியன்கிட்ட சொல்லிடு. யாருக்குத் தெரியப்போகுது? தண்ணி. நிறையத் தண்ணி. அந்தக் கரை தெரியலே. அலை வரும், போகும். நக்கிப் பார்த்தேன், உப்பு."

அரளி அதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்தி மயங்கும் நேரத்தில் வண்டி காட்டுக்கு வந்து சேர்ந்தது. முழியன் பொந்தை விட்டு வெளியே வந்து, கிளையின் நுனியில் தொற்றிக்கொண்டு காத்திருந்தான். அந்தப் பெரிய கண் இரண்டும் இன்னும் பெரிதாக விரிந்திருந்தன.

"பார்த்தியா அரளி? கடலைப் பார்த்தியா? சொல்லு, சொல்லு!"

"தண்ணி... நிறையத் தண்ணி. அந்தக் கரை தெரியலே. அலை வரும், போகும். உப்பு."

"அடேயப்பா!" என்றான் முழியன். கண்ணை மூடி ஒரு நிமிடம் அதை நினைத்துப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அதை முதல்ல பார்த்ததும் உனக்கு என்ன தோணிச்சு?"

அரளி வாயைத் திறந்தாள். தேனப்பன் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லையே!

"முழியா, நான் பார்க்கலே" என்று ஓவென்று அழுதுவிட்டாள். "கடல் கிட்ட வரைக்கும் போனேன். பார்க்கலே. அரண்மனையைப் பார்க்கலே, புறாவைப் பார்க்கலே, ஒண்ணுமே பார்க்கலே. புதுச்செருப்பு கடிச்சுக் காலை எடுத்து வைக்க முடியலே."

முழியன் வண்டி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். "என் பேரு இனிமே எந்த வருஷம் பானையிலே வருமோ" என்று மட்டும் மெல்லச் சொன்னான்.

ஆனால் அவனுக்குக் கோபத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளத் தெரியாது. கிளையிலிருந்து இறங்கி வந்து, பச்சிலையைக் கசக்கி அவள் கொப்புளத்தில் மெதுவாகத் தடவினான்.

"உன் பழைய செருப்பு நல்லாத்தானே இருந்துச்சு? அதை ஏன் போடலே?"

"அதைப் பார்த்தா பட்டணத்துல எல்லாரும் சிரிப்பாங்கன்னு நினைச்சேன்."

"சரி, இதைப் பார்த்து என்ன சொன்னாங்க?"

அரளி மூக்கை உறிஞ்சினாள்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலே முழியா. யாரும் என் காலைப் பார்க்கவே இல்லை. நாள் பூரா அதையே பார்த்துக்கிட்டு நடந்தது நான் ஒருத்திதான்."

நீதி: நாள் முழுவதும் நடக்கப் போகிறவர், பிறர் கண்ணுக்காகச் செருப்பைத் தேர்ந்தெடுக்காமல், தம் காலுக்குப் பழகியதை அணிந்து செல்ல வேண்டும்.