அக்காள் நெய்த வாழைநார்த் துண்டு

கிழக்குக் கடலில், சீனத்துக்கும் ஜப்பானுக்கும் நடுவே, மாலை அறுந்து மணி சிதறினாற்போல் ஒக்கினாவாத் தீவுகள் கிடக்கின்றன அல்லவா, அங்கே முன்னே ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாக எவன் காதில் ஓதினானோ அவன் பக்கம் சாய்ந்துவிடுவார். அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார் யோனபரு என்ற பெரிய அதிகாரி.

அந்தத் தீவில் கடலுக்குப் போகிற ஆணுக்குக் காவல் அவனோடு கூடப் பிறந்தவள்தான். சாமிக்குப் பூசை வைப்பதுகூட அங்கே பெண்கள்தான். ஆம்பளை எவ்வளவு பெரிய கொம்பனானாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். கப்பல் கிளம்பும் அன்று அக்காளோ தங்கையோ தன் கையால் நெய்த வாழைநார்த் துண்டை அவன் கழுத்தில் போடுவாள். அவன் மண்ணில் தலைபட விழுந்து கும்பிடுவான். நடுக்கடலில் புயல் வந்தால் அவள் உயிர் வெள்ளைப் பறவையாகப் பறந்துவந்து பாய்மரத்தில் உட்காரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இதைக் கண்டால் யோனபருவுக்கு வயிறெரிச்சல். துறைமுகத்தில் பட்டும் படாடோபமுமாக நின்று அவர் வாழ்த்துப் படிப்பார், ஒரு பயல் திரும்பிப் பார்க்க மாட்டான். ஒருநாள் ராஜாவிடம் பற்றவைத்துவிட்டார்: மாலுமிகள் முதலில் விழுவது மகாராஜா காலிலா, தறி நெய்கிறவள் காலிலா? அப்படியானால் நாட்டை ஆள்வது யார்?

ராஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே முரசு அறைந்தார்கள். இனி எவர் கப்பலேறினாலும் ராஜமுத்திரை குத்திய துணியைத்தான் கட்ட வேண்டும். கூடப் பிறந்தவள் துண்டு இருந்தால் நாடுகடத்தல். ஏறுகிற ஒவ்வொருவரையும் தடவிச் சோதிக்க வேண்டும்.

சீனத்துக்குப் போகிற கப்பலில் சுக்கான் பிடிக்கிறவன் ஜிரூ. அவன் அக்காள் பெயர் மகத்து. அவள் துண்டை நெய்து, தறியிலிருந்து அறுத்து எடுத்த நேரத்தில் முரசுச் சத்தம் கேட்டது. அவர்கள் அப்பனையும் அந்தக் கடல்தான் கொண்டுபோனது. அவருக்குத் துண்டு போட ஒரு கூடப்பிறந்தவள் இல்லை. மிச்சம் இருந்தது இந்தத் தம்பி ஒருவன். "விடு அக்கா, ராஜாவோடு மல்லுக்கு நிற்க முடியுமா?" என்றான் அவன். வெறுங்கழுத்தோடு அவனை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. கோபம்தான் வந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே அரண்மனைக்கு நடந்தாள்.

சபையில் எல்லோரும் கண்ணால் அவளை அளந்தார்கள். பச்சை குத்திய கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாளே தவிர, தலையைக் குனியவில்லை.

"என் முத்திரையைவிட உன் வாழைநார் பெரிதோ?" என்றார் ராஜா.

"நான் சொல்லி என்ன மகாராஜா? அறுவடைப் பூசைக்கு நீங்கள் சாமித் தீவுக்குப் படகேறப் போகிறீர்கள். முதலில் யோனபரு ஐயா முத்திரைத் துணியோடு மட்டும் ஏறட்டும். அவர் பயமில்லாமல் ஏறிவிட்டால் என் தறியை நானே உடைத்து அடுப்பில் வைக்கிறேன்."

யோனபரு கடகடவென்று சிரித்தார். இவ்வளவுதானா, இன்றைக்கே ஏறுகிறேன் என்றார். தோற்றால் அக்காளும் தம்பியும் தென்கோடித் தீவுக்குப் போக வேண்டும் என்று ராஜா தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். மகத்து சரி என்றாள்.

பூசைநாளும் வந்தது. அன்றைக்கென்று பார்த்துக் காற்று வலுத்து, பவளப் பாறையில் அலை இடிஇடியென்று இடித்தது. ஊரே கரையில் கூடிவிட்டது. ராஜாவின் அக்காள்தான் அந்த நாட்டுக்குத் தலைமைப் பூசாரி. அவள் வெள்ளை உடுத்தி ஓரமாக நின்றாள். யோனபரு முத்திரைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, படகில் கால் வைக்கப் போனார்.

மகத்து காவலனிடம், ஒவ்வொருவரையும் சோதிக்கச் சொல்லித்தானே முரசு அறைந்தீர்கள் என்று நிதானமாகக் கேட்டாள். காவலன் ராஜாவைப் பார்த்தான். ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆகட்டும் என்று தலையசைத்தார். காவலன் யோனபருவின் இடுப்புக்கச்சைக்குள் கையை விட்டான். நாலாக மடித்த ஒரு வாழைநார்த் துண்டு வெளியே வந்தது. கூட்டத்தில் நின்ற யோனபருவின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதுதான். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வியர்வை துடைக்க வைத்திருந்தேன் என்று முனகினார்.

"அதற்கு முத்திரைத் துணி போதாதா ஐயா?" என்றாள் மகத்து.

கரையே கொல்லென்று சிரித்தது. காவலன் சோதித்த வேகத்தில் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினான். அடுத்த ஆள் ராஜா. அவர் கை தன்னையறியாமல் மார்பைப் பொத்திக்கொண்டது.

சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. மகத்து ஓரடி முன்னே வந்தாள். ராஜாவை நேரே பார்த்துப் பேசினாள்.

"உங்களைச் சோதிக்க வேண்டாம் மகாராஜா. நீங்கள் கழற்ற முடியாததை என் தம்பியை மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள். சொன்னாலும் அவன் கழற்ற மாட்டான், நான் விடமாட்டேன். நாடுகடத்துவதானால் கடத்துங்கள், இந்தத் துண்டோடுதான் போவோம்."

ராஜா அலையைப் பார்த்தார். ஓரமாக நின்ற அக்காளைப் பார்த்தார். அப்புறம் மார்புச்சட்டைக்குள்ளிருந்து ஒரு பழைய துண்டை உருவி எல்லோரும் பார்க்கக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இவள் ஒருத்திதான் என்னிடம் உண்மை பேசினாள் என்றார். என்ன வேண்டும் கேள், பட்டு வேண்டுமா, பொன் வேண்டுமா என்றார். எந்த முரசில் கட்டளை போட்டீர்களோ அதே முரசில் எடுத்துவிடுங்கள், அது போதும் என்றாள் அவள்.

முரசு அறைந்தார்கள். யோனபருவுக்குத் தண்டனை என்ன தெரியுமா? இனிமேல் எந்தக் கப்பல் கிளம்பினாலும் அக்கா தங்கைகள் உட்காரப் பாய் சுமந்துவந்து விரிக்க வேண்டும்.

சீனக் கப்பல் கிளம்பிய அன்று முதல் பாய் மகத்துவுக்கு விழுந்தது. அவள் ஜிரூவின் கழுத்தில் துண்டைப் போட்டாள். ராஜா அங்கே நிற்கும்போதே, அவன் அக்காள் காலில்தான் முதலில் விழுந்தான். ராஜா அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் தன் அக்காளிடம் குனிந்து, என் துண்டு ஓரமெல்லாம் நைந்துபோச்சு, புதிதாக ஒன்று நெய்து தருவாயா என்று மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.