ஏழாவது சாட்சி

கொலை வழக்கில் சுடலைமுத்துவுக்குக் கீழ்க்கோர்ட்டில் தூக்கு. அதை உறுதி செய்யலாமா என்று ஹைகோர்ட் விசாரித்துக்கொண்டிருந்தது. கீழே அவனுக்காக வாதாடித் தோற்றவர் சீனியர் மனோன்மணி. மேலே வாதாடத் தன் ஜூனியர் குணசீலனை நிறுத்திவிட்டார். வங்கி வேலையை விட்டுவிட்டு நாற்பது வயதில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்ட மனுஷன். 

மதிய இடைவேளைக்கு எழுந்திருக்கும்போது இரண்டு நீதிபதிகளில் மூத்தவர் கேட்டார்.

“சம்பவ இடத்தில் இவரைப் பார்த்ததாக ஏழாவது சாட்சி, டீக்கடைக்காரர், சொல்லியிருக்கிறார். அவரைக் கீழ்க்கோர்ட்டில் உங்கள் தரப்பு குறுக்கு விசாரணையே செய்யவில்லை. மறுக்காத சாட்சியத்தை நாங்கள் எப்படித் தள்ள முடியும்? மதியம் பதில் சொல்லுங்கள்.”

வராந்தாவில் குணசீலன் சீனியரைப் பிடித்துக்கொண்டான். 

“மேடம், என்ன பதில் சொல்றது?”

“நடந்ததைச் சொல்லு.”

“என்ன நடந்துச்சு?”

“டீ ஆத்துறவரெல்லாம் ஒரு சாட்சியான்னு நினைச்சேன். ‘கேள்வி இல்லை’ன்னு கையை ஆட்டிட்டு உட்கார்ந்துட்டேன். அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. பத்தடி தள்ளி நிக்கிற ஆளைத் தெரியாது. தீர்ப்பு வந்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது. அவரைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்க அனுமதி கேளு.”

“அப்போ தப்பு உங்க மேலன்னு சொல்லணுமே!”

“ஆமா.”

“ஐயையோ! நிறைஞ்ச கோர்ட்டுல, உங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டா? என்னால ஆகாது மேடம். யோசிச்சுத்தான் கேட்காம விட்டோம்னு சொல்லிச் சமாளிச்சுடட்டுமா?”

“சமாளிக்கலாம். அவனைத் தூக்குல போட்டுடுவாங்க.”

 குணசீலன் மெல்லக் கேட்டான்.

“நீங்களே எழுந்து சொல்லிடுங்களேன்.”

“நான் எழுந்தா அவனை விட்டுட்டு என்னைக் காப்பாத்தத்தான் பேசுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை.

இடைவேளை முடிந்து உள்ளே வந்தான். வக்கீல்கள் வரிசையில் சீனியரைக் காணோம். அவருடைய கவுன் மட்டும் நாற்காலியில் மடித்துக் கிடந்தது. பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தான். பொதுமக்கள் உட்காரும் கடைசி பெஞ்சில், சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாளுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். நீதிபதிகள் இன்னும் வரவில்லை. கேஸ் கட்டை அணைத்துக்கொண்டு அவரிடம் ஓடினான்.

“மேடம், முன்னாடி வந்து உட்காருங்க. ரொம்பப் பயமா இருக்கு.”

“யாருக்காக?”

 பேச்சியம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், அவுகளைக் காப்பாத்திருவீகள்ல?”

 நீதிபதிகள் வருகிறார்கள் என்று டவாலி குரல் கொடுத்தான். எல்லோரும் எழுந்தார்கள். சீனியரும் எழுந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“இவங்க புருஷனுக்காகப் பயந்தா, முன்னாடி போய் நடந்ததைச் சொல்லு. எனக்காகப் பயந்தா, கேஸ் கட்டை இங்கே குடு. இவங்ககிட்டயே சொல்லிட்டு வேற வக்கீல் பார்க்கிறேன்.”