கத்திரிக்காய் வைத்த சார்

எங்கள் ஈரோட்டுப் பங்குச்சந்தை வாட்ஸ்அப் குழுவில், காலை டிபன் என்னவென்று விசாரித்த பிறகுதான் சந்தைப் பேச்சே. அங்கே ஒரு வழக்கமும் உண்டு. யாருடைய கணிப்பு தப்பினாலும், அன்றே முகப்புப் படமாகக் கத்திரிக்காய் வைத்துவிட வேண்டும். தப்பை மறைக்காத கூட்டம் என்று எங்களுக்கு அத்தனை பெருமை!

புதிதாகச் சேர்ந்த ஞானவடிவேல் சாருக்கு இது பொறுக்கவில்லை. "டிபனும் கத்திரிக்காயும் பேச இது சமையல்கட்டா? என் கணிப்பு தப்பினதே இல்லை. நாளைக்கு சிமெண்ட் பங்கு ஏறும். இனிமே தப்பாச் சொல்றவங்க குழுவை விட்டு வெளியே போகணும்!"

"உங்களுக்கும் அதேதானுங்களா?" என்று கேட்டார் ஜெராக்ஸ் கடை பூவாத்தாள். எங்களில் அதிகக் கத்திரிக்காய் வைத்தவர் அவர்தான்.

"எனக்கும்தான்! எங்கே, தப்பவே தப்பாத கணிப்பு ஒண்ணு சொல்லும்மா, பார்ப்போம்."

"நாளைக்கு அந்தப் பங்கு இறங்கினாலும், நீங்க கத்திரிக்காய் வைக்க மாட்டீங்க."

மறுநாள் சிமெண்ட் பங்கு விழுந்தது. மதியம் திடீரென்று சாரின் முகம் இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு கத்திரிக்காய்!

"வச்சுட்டேன்! உன் கணிப்பு தப்பு. வெளியே போம்மா!"

"தப்புதானுங்க," என்று பூவாத்தாளும் கத்திரிக்காய் வைத்தார். "உங்களுதும் தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. வாங்க, சேர்ந்தே போலாம்."

சார் வெகுநேரம் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் வந்தது ஒரே வரி:

"காலையில எல்லாரும் என்ன டிபன்?"