எதிரே இருந்த ஊற்று

தார்ச்சாலை போட்ட காடு ஒன்று இருந்தது, பிள்ளைகளே. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு முள்ளம்பன்றியின் வளை. அந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஊற்று. நடுவில் சர் சர்ரென்று கார்கள் பறக்கும்.

முள்ளம்பன்றி இடுப்பில் குடத்தோடு ஓரத்தில் நிற்கும். ஒரு காலை எடுத்து வைக்கும். உடனே குரங்கு ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்துவிடும்.

"ஓரம் போ, ஓரம் போ! நரியோட பந்தயம் விட்டிருக்கேன்."

"ஒரு குடம் தண்ணி எடுக்கணும் தம்பி. கொஞ்சம் நில்லேன்."

"நின்னா தோத்துடுவேன் அக்கா!"

இப்படியே பொழுது சாய்ந்துவிடும். மழைக்குழியில் மிஞ்சிய கலங்கல் தண்ணீரைத்தான் அதன் குட்டி குடிக்கும்.

"நடந்து போனா இந்தக் காட்டுல பிழைக்க முடியாது. நீயும் ஒரு கார் வாங்கிடு," என்றது கரடி.

முள்ளம்பன்றி வாங்கியது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்பட்டது. கார் திரும்ப இடமிருந்த மலையடிவாரம் வரை போய், அங்கே திரும்பி, அத்தனை தூரமும் எதிர்ப்பக்கமாக வந்தால்தான் ஊற்று. ஆனாலும் நல்ல தண்ணீர் கிடைத்தது.

முள்ளம்பன்றியின் காருக்குப் பயந்து முயல் கார் வாங்கியது. முயலின் காருக்குப் பயந்து அணிலும் வாங்கியது.

கோடை வந்தது. குட்டிக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. "அம்மா... தண்ணி..." என்று முனகியது.

"இதோ வந்துட்டேன் கண்ணு!"

முள்ளம்பன்றி காரை எடுத்துச் சாலையில் இறங்கியதுதான் தாமதம், நின்றுவிட்டது. மலையடிவாரத் திருப்பத்தில் யானையும் காட்டெருமையும் "நீ வழி விடு, நீ வழி விடு" என்று மல்லுக்கு நிற்க, இரண்டு பக்கமும் கார்கள் அடைத்துக்கொண்டன. எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். ஒரு சக்கரமும் நகரவில்லை.

வெயில் ஏறியது. வளையிலிருந்து குட்டியின் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

முள்ளம்பன்றி எஞ்சினை அணைத்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கியது.

பக்கத்துக் காரிலிருந்து குரங்கு தலையை நீட்டியது. "அக்கா! நடுரோட்டுல வண்டியை விட்டுட்டு எங்கே போறே?"

"உன் வண்டி மட்டும் ஓடிக்கிட்டா இருக்கு தம்பி?"

நின்றுகிடந்த கார்களுக்கு இடையே புகுந்து புகுந்து போனது. குடத்தை நிரப்பிக்கொண்டு ஓட்டமாய் ஓடி வந்து, குட்டியின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியது. முதல் வாய் வழிந்துவிட்டது. இரண்டாவது இறங்கியது. குட்டி மெல்லக் கண் திறந்து, மடக் மடக்கென்று குடித்தது.

மிச்சத் தண்ணீரோடு முள்ளம்பன்றி மறுபடி சாலைக்கு வந்தது. குரங்கு நாக்கு வறண்டு, இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தது.

"இந்தா தம்பி, குடி."

குரங்கு குடித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

"ஏன் அக்கா, ஊற்று இவ்வளவு கிட்டவா இருக்கு?"

நீதி: ஆளுக்கொரு வண்டியில் ஏறிக்கொண்டால் எதிர்வீடும் வெளியூர் ஆகிவிடும்.