முதல் எழுத்தைத் தாண்டாத செம்பாயி

கேளுங்கள் பிள்ளைகளே! பெரியவர்களும் கேட்கலாம், ஒன்றும் கெட்டுப்போய்விட மாட்டீர்கள். சட்டம் போட ஒரு ராஜாவும், அதைத் தலையாட்டிக் கேட்க ஊர்களும் இருந்த காலத்தில் நடந்தது இது.

அந்த ராஜாவின் பெயர் நெறிவேந்தன். நல்லவன்தான். ஆனால் தும்மினால் ஒரு சட்டம், இருமினால் ஒரு சட்டம். ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினான், அதற்கு ஒரு சட்டம் போட்டான். ஊருக்கு ஒரு சத்திரம் கட்டினான், அதற்கும் ஒரு சட்டம் போட்டான்.

பள்ளிக்கூடத்துச் சட்டம் இது: புதிதாக வரும் பிள்ளை முதல் மூன்று நாள் மணலில் 'அ' மட்டுமே எழுத வேண்டும். கை படிந்த பிறகுதான் அடுத்த எழுத்து. பதறாத காரியம் சிதறாது என்பது ராஜாவின் எண்ணம்.

சத்திரத்துச் சட்டம் இது: யார் வந்தாலும் மூன்று நாள் சோறு, மூன்று நாள் படுக்கை. நாலாம் நாள் நடையைக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஊர்ச் சோம்பேறிகளெல்லாம் அங்கேயே குடியேறிவிடுவார்கள் அல்லவா?

இரண்டும் நல்ல சட்டங்கள் என்று எல்லோரும் மெச்சினார்கள். வீடு வாசல் உள்ளவர்கள் மெச்சுவதில் என்ன கஷ்டம்?

அந்த நாட்டு ஆற்றின் நடுவே ஒரு திட்டு இருந்தது. நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் கொஞ்சம் மேடு, அதில் சில குடும்பங்கள். ஓர் ஆடி மாதத்தில் வந்த வெள்ளம் வீடு, வயல், வைக்கோல்போர் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டையே கரைத்துக்கொண்டு போய்விட்டது. தப்பிக் கரையேறியவர்களில் காத்தாயி என்பவளும் அவள் மகள் செம்பாயியும் இருந்தார்கள்.

காத்தாயி ஊர் ஊராகப் போய்க் களை பறித்தாள். இரவில் தாயும் மகளும் சத்திரத்தில் படுத்தார்கள். பகலில் செம்பாயி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். படிப்பென்றால் அவளுக்கு உயிர்.

முதல் ஊர் வாத்தியார், "புதுப் பிள்ளையா? 'அ' எழுது" என்றார். மூன்று நாள் எழுதினாள். நாலாம் நாள் சத்திரத்தை விட்டுக் கிளம்பும்படி ஆயிற்று.

இரண்டாம் ஊரில், "எனக்கு 'அ' தெரியும் ஐயா" என்றாள். "தெரிந்தால் என்ன? இங்கே நீ புதுசு. எழுது" என்றார் அந்த வாத்தியார். மூன்று நாள் எழுதினாள். நாலாம் நாள் கிளம்பினாள்.

மூன்றாம் ஊரில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தானே மணலில் உட்கார்ந்து 'அ' எழுத ஆரம்பித்துவிட்டாள்.

இப்படியே வெயில் போய் மழை வந்தது, மழை போய்ப் பனி வந்தது. செம்பாயி முதல் எழுத்தைத் தாண்டவில்லை. ஆனால் அவள் எழுதும் 'அ'வைப் போல அந்த நாட்டில் எந்தப் புலவனுக்கும் எழுத வராது!

பூவரசூர் என்ற ஊருக்கு வந்தபோது காத்தாயி பொறுமை இழந்தாள். "ஒரே எழுத்தை எழுதி எழுதி என்னத்தைக் கண்டே? இந்த ஊருதான் கடைசி. இங்கயும் அதே எழுத்துன்னா, நாளையிலேருந்து நீயும் களை பறிக்க வந்துடு" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

செம்பாயி பள்ளிக்கூடம் போனாள். அங்கேயும் அதே எழுத்துதான். கண்ணீர் மணலில் விழ விழ எழுதினாள்.

அன்று பார்த்து நெறிவேந்தன் பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வந்தான். மணலில் இருந்த எழுத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி, "அபாரம்! இது உனக்கு. எங்கே, அடுத்த எழுத்தை எழுது பார்க்கலாம்" என்றான்.

"தெரியாதுங்க ராசா."

"ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை?" என்று ராஜா வாத்தியார்மேல் பாய்ந்தான்.

"இன்றுதான் வந்தாள் அரசே. மூன்று நாள் ஆகவில்லை. தாங்கள் போட்ட சட்டம்" என்றார் வாத்தியார்.

ஊர் ஊராக 'அ' மட்டுமே எழுதியதையும், நாலாம் நாள் சத்திரத்தை விட்டுக் கிளம்பியதையும் செம்பாயி சொன்னாள். ராஜா சத்திரத்து மணியக்காரரை அழைத்து வரச் சொன்னான். "இவர்களை ஏன் விரட்டுகிறீர்கள்?"

"நான் எங்கே அரசே விரட்டினேன்? நாலாம் நாள் அனுப்ப வேண்டும் என்பது தாங்கள் போட்ட சட்டம்."

கடைசியாகக் காத்தாயியை வயலிலிருந்து கூப்பிட்டு வந்தார்கள். ராஜா கேட்டான்: "படிக்கிற பிள்ளையை இழுத்துக்கொண்டு ஏனம்மா அலைகிறாய்? ஓரிடத்தில் இருக்கக் கூடாதா?"

"இருக்கறதுக்கு எங்க ராசா இடம்? இருந்த இடத்தை ஆறு கொண்டுபோயிட்டுது. இருங்கன்னு யாராச்சும் சொன்னா இருக்க மாட்டமா?"

செம்பாயி மோதிரத்தைத் திருப்பி நீட்டினாள். "இது வேண்டாங்க. எனக்கு அடுத்த எழுத்து போதும்."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. ராஜாக்களுக்கு அது லேசில் வராது. இரண்டு நல்ல சட்டங்கள், ஒன்று திரிகையின் மேல்கல், ஒன்று கீழ்க்கல், நடுவே இந்தப் பிள்ளை தானியமாக அரைபட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

திட்டுக்காரர்கள் எல்லோருக்கும் மேட்டு நிலத்தில் வீடு கட்டித் தர உத்தரவிட்டான். காடு திருத்திச் சுவர் எழுப்ப ஒரு வருஷமாவது ஆகும் என்றார் மந்திரி.

"வீடு காத்திருக்கட்டும், படிப்பு காத்திருக்காது" என்றான் ராஜா. "வீடு ஆகும்வரை, படிக்கிற பிள்ளை தங்கும் சத்திரத்தில் நாள் எண்ணக் கூடாது. அப்படியும் ஊர் மாறி ஒரு பிள்ளை வந்தால், 'எதுவரை படித்தாய்?' என்பதுதான் வாத்தியாரின் முதல் கேள்வி. அதற்குமேலே இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்."

வாத்தியார் செம்பாயியின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். "எதுவரை படித்தாய் அம்மா?" என்று கேட்டார்.

அவள் தன் 'அ'வைக் காட்டினாள். அவர் 'ஆ' எழுதிக் காட்டினார். செம்பாயி பார்த்து எழுதினாள். காத்தாயியும் குனிந்து பார்த்தாள்.

கோணலாக வந்தது. சுழி எங்கேயோ போய் முடிந்தது. செம்பாயி பயந்துபோய் வாத்தியாரைப் பார்த்தாள்.

வாத்தியார் அதை அழிக்கச் சொல்லவில்லை. "சரி, அடுத்ததைப் பார்" என்றார்.

ஆகவே கேட்டவர்களே, இருக்க இடமில்லாத பிள்ளைக்கு நாம் செய்யும் உதவி, அதன் படிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர விடுவதே.