முதுகில் மூன்று பச்சைக் கோடுகள்

பேரூராட்சித் தலைவர் குமாரதேவனுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. காரணம் பக்கத்து ஊர்த் தலைவர் பிச்சையா. பிச்சையாவுக்கு ஊரே எழுந்து நின்று கைதட்டியதாம். அதைக் கேட்டதிலிருந்து இவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அன்று மூன்று விழாக்களை முடித்த கையோடு, பிற்பகலில் குருவைப் பார்க்க மலையடிவார மடத்துக்குக் காரில் வந்தார். குரு இவரைவிடப் பதினொரு வயது இளையவர். ஆனாலும் ஊரில் யாருக்கும் குனியாத முதுகைக் குமாரதேவன் இங்கே மட்டும் வளைப்பார். இன்றும் வளைத்தார். குரு அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உட்காருங்க" என்றார்.

"சாமி, ஒரு சந்தேகம். தலைவனா இருக்கறவன் தன்னோட குறையை ஊரறியச் சொல்லணுமா?"

"யாரு சொன்னா?"

"பிச்சையா சொல்லிட்டான்! மேடையேறி, மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, 'நான் குடிகாரன். போன வெள்ளத்தப்ப நீங்க கழுத்தளவு தண்ணியில நின்னீங்க, நான் போதையில கிடந்தேன். குடியை விட்டு ரெண்டு வருஷமாச்சு. மறுபடி குடிச்சா என்னை இழுத்துக் கீழே இறக்குங்க'ன்னு சொல்லிட்டான்."

"ஜனங்க என்ன பண்ணாங்க?"

"கைதட்டினாங்க சாமி! கல்லால அடிக்க வேணாமா? இப்ப தினமும் காலையில டீக்கடை செண்பகம் அவனை நிறுத்தி, 'தலைவரே, ஊதுங்க'ங்கறா. அவனும் ஊதறான். மோந்து பார்த்துட்டு, 'சரி போங்க, இன்னிக்கும் நீங்கதான் தலைவர்'ங்கறா. கடையே சிரிக்குது. என் பொண்டாட்டி இந்தக் கதையை எங்கிட்டயே மூணு தடவை சொல்லிட்டா."

மூன்றாவது தடவை சொன்னபோது அவள் கண் கலங்கியதைக் குமாரதேவன் சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

"நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. எனக்கு மாலை போடறாங்க, கும்பிடறாங்க. ஒருத்தரும் என்கிட்ட அப்படிச் சிரிச்சுப் பேசினதில்லை."

"அதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை எனக்கும் கூட்டம் இருக்கு. நானும் ஒரு குறையைச் சொல்லலாம்னு இருக்கேன். எதைச் சொன்னா எடுபடும்னு சாமிதான் சொல்லணும்."

குரு சிரிக்கவில்லை. "என்னென்ன கைவசம் இருக்கு?" என்று கேட்டார்.

குமாரதேவன் எழுதியே கொண்டுவந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்துப் படித்தார். "மக்கள் வேலையில நேரத்துக்குச் சாப்பிடறதில்லை. யாரு எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லத் தெரியாது."

"இதால யாருக்கு என்ன கஷ்டம்?"

"யாருக்கும் ஒண்ணுமில்லை."

"இதையெல்லாம் போஸ்டர்லயே போட்டுக்கலாமே."

குமாரதேவன் தாளை மடித்துத் திரும்பப் பையில் வைத்தார்.

"எழுதாம விட்டது என்ன?" என்றார் குரு.

குமாரதேவன் குரலைத் தாழ்த்தினார். "கோபம் வரும் சாமி. கெட்ட சேதியோட எவன் வந்தாலும் எனக்குத் தாங்காது. போன மாசம் குடிதண்ணி மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு ஃபிட்டர் வந்து சொன்னான். கையில இருந்த டம்ளரை வீசிட்டேன். நெத்தியில நாலு தையல். அவனே வழுக்கி விழுந்துட்டேன்னு ஊர்ல சொல்லிட்டான். நானும் அப்படியே விட்டுட்டேன். இதையெல்லாம் வெளியில சொன்னா மரியாதை என்ன ஆகறது?"

"சரி, அதை விடுங்க. மழை பலமா வருதுங்கறாங்களே, உங்க ஏரி எப்படி இருக்கு?"

"நிரம்பி நிக்குது. கரை இரும்பு மாதிரி இருக்கு. ஓவர்சியர் நேத்துதான் பார்த்துட்டு வந்து சொன்னான். கரைக்குக் கீழே முந்நூறு வீடு இருக்கு. அசட்டையா விட்டுருவேனா?"

குரு தலையாட்டினார். "ரொம்ப வேர்த்திருக்கு. சட்டையைக் கழற்றுங்க, கொடியில போடலாம்."

குருவே அதை வாங்கி, உதறி, முதுகுப் பக்கம் தெரியும்படி கொடியில் போட்டார். வெள்ளைச் சட்டையின் குறுக்கே மூன்று பச்சைக் கோடுகள், ஒவ்வொன்றும் நாலு விரல் அகலத்துக்கு.

"பெஞ்சு!" என்று குமாரதேவன் எழுந்துவிட்டார்.

காலையில் அவர் திறந்துவைத்த பூங்காவின் பெஞ்சு. அதில் முதலில் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்ததும் அவர்தான். அதற்கப்புறம் நூலகத்துக்கு அடிக்கல், ஒரு காதுகுத்து. இரண்டு இடத்திலும் நூறு பேர் பின்னால் வர, அவர் முன்னால் நடந்திருக்கிறார்.

"ராசப்பா!"

டிரைவர் ராசப்பன் ஓடி வந்தார். பதினெட்டு வருஷமாக அவருக்கு வண்டி ஓட்டுகிறவர். ஏரிக்கரைக்குக் கீழேதான் வீடு.

"இதை நீ எப்பய்யா பார்த்தே?"

"காலையிலயேங்கய்யா."

"ஏன் சொல்லலை?"

ராசப்பனுடைய கை தானாகவே போய் நெற்றியை மறைத்துக்கொண்டது.

அப்போதுதான் குமாரதேவன் தன் கையைப் பார்த்தார். அது பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பிடித்திருந்தது. மெதுவாக விட்டார். ஆனால் குரல் இறங்கவில்லை. "பெயின்ட் காஞ்சிடுச்சு, தாராளமா உட்காரலாம்னு சொன்னவன் எவன்?"

"ஓவர்சியருங்கய்யா."

"கரை இரும்பு மாதிரி இருக்குன்னு சொன்னவரும் அவர்தானே?" என்று குரு கேட்டார்.

குமாரதேவன் வெறும் பனியனோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவர் பேசியது மேடைக் குரலில் இல்லை.

"ராசப்பா, ஃபிட்டர் வழுக்கி விழலை. நான்தான் டம்ளரால அடிச்சேன். தப்பு என்னோடது. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். கரை எப்படி இருக்கு, சொல்லுப்பா."

ராசப்பன் குருவைப் பார்த்தார். குரு அந்தச் செம்பை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"மதகுக்கிட்ட கசியுதுங்கய்யா. பத்து நாளாச்சு. ஊருக்கே தெரியும். உங்க கண்ணுல படாம நாங்கதான் ஆள் மாத்தி ஆள் மணல் மூட்டை அடுக்கிட்டிருக்கோம்."

குமாரதேவன் எழுந்து கொடியிலிருந்த சட்டையை எடுத்தார். கோடுகளோடு அப்படியே மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் பழக்கம் விடாமல் திரும்பினார்.

"சாமி, அப்ப ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இதைச் சொல்லிடட்டுமா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் கரை இருக்குமா?" என்றார் குரு.